ஒரே சட்டி எண்ணெய்... எனக்கு வளர்ந்த முடி அண்ணனுக்கு ஏன் வளரல? மூலிகை வைத்தியம் முடி கொட்டுவதை நிறுத்துமா?

மூணு வருஷத்துக்கு முன்னால் எனக்கு டெங்கு வந்தது. காய்ச்சல் பத்து நாளில் விட்டுவிட்டது. கிட்டத்தட்ட மூன்று மாசம் கழித்து ஒரு நாள் தலைக்குக் குளித்துவிட்டுச் சீப்பை எடுத்தால், கொத்துக் கொத்தாக முடி. பாத்ரூம் தரையில் முடி, தலையணையில் முடி, ஆபீஸ் நாற்காலியில் முடி. டிபன் பாக்ஸில்கூட முடி!

தென்காசிப் பக்கம் இருக்கும் அம்மாவிடம் போனில் அழுதேன். அந்த வார இறுதியிலேயே பஸ் ஏறி வந்துவிட்டார், கையில் ஒரு பெரிய பாட்டிலோடு. கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, செம்பருத்தி இலை, ஒரு கைப்பிடி வெந்தயம். எல்லாவற்றையும் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயில் போட்டு, சடசடப்பு அடங்கும் வரை காய்ச்சி வடிகட்டிய கரும்பச்சை எண்ணெய். வாரம் இரண்டு தடவை தேய்த்தேன். நாலைந்து மாசத்தில் நெற்றி ஓரமெல்லாம் குட்டிக் குட்டியாகப் புது முடி. "பாத்தியாட்டி, நான் சொன்னம்லா?" என்றார் அம்மா. ஆபீஸில் மூன்று பேர் அந்த எண்ணெயைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

பெரியம்மா மகன் அண்ணனுக்கு அப்போது 27 வயசு. நெற்றியின் இரண்டு ஓரமும் உள்வாங்கத் தொடங்கியிருந்தது. "சித்தி, எனக்கும் ஒரு பாட்டில்" என்று வாங்கிப் போனார். அதே சட்டி, அதே எண்ணெய். இரண்டு வருஷம் விடாமல் தேய்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. வழுக்கைதான் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

ஏன் இப்படி? எண்ணெயில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், தலையில் என்ன நடக்கிறது என்று பார்க்கணும்.

முடிக்கும் ஒரு காலண்டர் உண்டு

நம் தலையில் தோராயமாக 1 லட்சம் முடிகள். ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒரு சுழற்சியில் ஓடுகிறது. இரண்டு முதல் ஆறு வருஷம் வளரும். பிறகு இரண்டு மூன்று வாரம் ஒரு இடைநிலை. அதற்குப் பிறகு சுமார் மூன்று மாசம் ஓய்வு. ஓய்வு முடிந்ததும் அந்த முடி விழுந்து, அதே இடத்தில் புது முடி முளைக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் ஓய்வெடுக்காததால் நமக்குத் தெரிவதில்லை. தினமும் 50 முதல் 100 முடி விழுவது சாதாரணம். மூன்று நாள் தலைக்குக் குளிக்காமல் நாலாவது நாள் எண்ணெய் தேய்த்துக் குளித்தால், மூன்று நாள் பாக்கியும் சேர்ந்து கையோடு வரும். எண்ணெய் முடியைக் கொட்ட வைத்தது என்று அதன்மேல் பழி போட வேண்டாம்.

கடுமையான காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன், பட்டினி கிடந்து எடை குறைப்பது, பெரிய மனக்கஷ்டம்... இப்படி ஏதாவது நடந்தால் வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் ஒரு பெரிய பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வு மூன்று மாசம் என்பதால், விளைவு உடனே தெரியாது. எல்லாம் மறந்துபோன பிறகு, இரண்டு மூன்று மாசம் கழித்து மொத்தமாகக் கொட்டும். மருத்துவத்தில் இதற்குப் பெயர் 'டெலோஜன் எஃப்ளூவியம்'. கொரோனாவுக்குப் பிறகு நிறையப் பேர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது இதனால்தான். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் வேர் சாகவில்லை. காரணம் தீர்ந்துவிட்டால், பெரும்பாலும் ஆறு மாசத்துக்குள் கொட்டுவது தானாகவே அடங்கி முடி திரும்ப முளைக்கும். எண்ணெய் தேய்த்தாலும் முளைக்கும், தேய்க்காவிட்டாலும் முளைக்கும்.

இப்போது என் கதையை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். முடி உச்சத்தில் கொட்டும்போதுதான் நாம் வைத்தியம் தேடி ஓடுகிறோம். உச்சத்துக்குப் பிறகு எப்படியும் இறக்கம்தான். அந்த நேரத்தில் கையில் எந்தப் பாட்டில் இருக்கிறதோ, அதற்கு மாலை மரியாதை. அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

அண்ணனுக்கு வந்தது வேறு

அண்ணனுடையது பரம்பரை வழுக்கை. டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனிலிருந்து உடலில் உருவாகும் 'டிஎச்டி' என்ற ஹார்மோனுக்கு, சிலருடைய முடி வேர்கள் மரபணுக் காரணமாக அதிகம் ஆட்படுகின்றன. ஒவ்வொரு சுழற்சியிலும் அந்த வேர் கொஞ்சம் சுருங்கும். முடி முன்னைவிட மெலிசாக, குட்டையாக வரும். கடைசியில் பூனை முடி மாதிரி ஆகிவிடும். பெண்களுக்கும் இது உண்டு. அவர்களுக்கு நெற்றி ஏறாது, நடு வகிடு அகலமாகிக்கொண்டே போகும்.

இங்கே காத்திருந்தால் தானாகச் சரியாகாது. இன்னும் மோசமாகும். ஓரளவு சுருங்கிய வேரை மீட்கலாம், ரொம்பச் சுருங்கிப்போனதை மீட்பது கஷ்டம். அதனால் இதில் செலவாகும் பெரிய காசு எண்ணெய்க் காசு இல்லை. அண்ணன் செலவழித்த அந்த இரண்டு வருஷம்தான்.

சரி, அப்போ மூலிகையில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. எதற்கு, எவ்வளவு என்பதில்தான் விஷயம்.

ரோஸ்மேரி: இன்ஸ்டாகிராம் சொல்லாத பாதி

நீலகிரியில் விளையும் ரோஸ்மேரி, இன்று கூந்தல் ரீல்ஸ்களில் சூப்பர் ஸ்டார். அந்த ரீல்ஸ் எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது 2015இல் ஈரானில் நடந்த ஒரே ஆய்வு. பரம்பரை வழுக்கை உள்ள 100 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ரோஸ்மேரி எண்ணெய், மறு பாதிக்கு 2 சதவீத மினாக்ஸிடில் மருந்து. ஆறு மாச முடிவில் இரண்டு குழுவிலும் முடி எண்ணிக்கை கூடியிருந்தது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அரிப்பு மட்டும் மினாக்ஸிடில் குழுவில் கூடுதல்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சும்மா ஒரு எண்ணெயைத் தடவிய மூன்றாவது குழு என்று ஒன்று அந்த ஆய்வில் இல்லை. ஒப்பிட்டதும் 2 சதவீத மினாக்ஸிடிலோடு. ஆண்களுக்கு இன்று வழக்கமாக எழுதித் தருவது 5 சதவீதம். இன்னொன்றையும் கவனியுங்கள்: மூன்றாவது மாசம் எண்ணிப் பார்த்தபோது இரண்டு குழுவிலுமே குறிப்பிடும்படி எதுவும் மாறவில்லை. முடி மாசத்துக்கு வளர்வதே சுமார் 1 சென்டிமீட்டர்தான். "15 நாளில் ரிசல்ட்" என்று யார் சொன்னாலும், அது லைட்டிங்கில் வந்த ரிசல்ட்.

முயற்சி செய்து பார்க்க நினைத்தால் தப்பில்லை. ஆனால் கடையில் சின்னக் குப்பியில் விற்கும் செறிவான ரோஸ்மேரி எண்ணெயை அப்படியே மண்டையில் ஊற்றாதீர்கள், புண்ணாகும். சில சொட்டுகளைத் தேங்காய் எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ கலந்து, முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பாருங்கள்.

புழுவெட்டுக்கு வெங்காயம்: பாக்தாத்தில் நடந்த சோதனை

நம் ஊரில் தலையிலோ தாடியிலோ காசு அளவுக்கு வட்டமாக முடி கொட்டினால் 'புழுவெட்டு' என்போம். புழு எதுவும் வெட்டுவதில்லை. நம் நோய் எதிர்ப்பு அணுக்களே ஆள் தெரியாமல் முடி வேரைத் தாக்குவதால் வருவது. பாட்டி வைத்தியம் என்ன? சின்ன வெங்காயத்தை நறுக்கி அந்த இடத்தில் தேய்ப்பது.

2002இல் இராக்கின் பாக்தாத் மருத்துவர்கள் இதைச் சோதித்தார்கள். தினம் இரண்டு வேளை வெங்காயச் சாறு தடவிய 23 பேரில் 20 பேருக்கு ஆறு வாரத்தில் முடி முளைத்தது. வெறும் குழாய்த் தண்ணீர் தடவிய குழுவில் 13 சதவீதம் பேருக்குத்தான். ஒரு பாட்டி வைத்தியத்துக்கு இது பெரிய மதிப்பெண். ஆனால் சின்ன ஆய்வு. அதோடு, யாருக்கு வெங்காயம் யாருக்குத் தண்ணீர் என்பதை அந்த அறையில் யாரிடமும் மறைத்திருக்க முடியாது இல்லையா? புழுவெட்டில் சின்ன வட்டங்கள் ஒரு வருஷத்துக்குள் தானாகவே நிரம்புவதும் சகஜம். வெங்காயம் தோலில் லேசான எரிச்சலை உண்டாக்கி, தாக்கும் அணுக்களைத் திசை திருப்புகிறது என்பது ஒரு விளக்கம். தோல் மருத்துவர்கள் இதே உத்தியை, வேண்டுமென்றே ஒவ்வாமையை உண்டாக்கும் ரசாயனத்தைத் தடவிச் செய்வதுண்டு.

முக்கியமான விஷயம்: அந்த ஆய்வு புழுவெட்டுக்கு மட்டும். பரம்பரை வழுக்கைக்கும், பிரசவத்துக்குப் பிறகு கொட்டும் முடிக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போனது நாம்தான். அண்ணனும் எட்டு மாசம் வெங்காயச் சாறு தடவினார். முடி வரவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து "என்ன, இன்னிக்கும் சாம்பாரா?" என்று கேட்டதுதான் மிச்சம்.

கரிசலாங்கண்ணி, செம்பருத்தி: எலிகளுக்கு நல்ல செய்தி

அம்மாவின் எண்ணெய்க்கு வருவோம். கரிசலாங்கண்ணிச் சாறு முடி வளர்ச்சியைத் தூண்டுகிறதா என்று நம் நாட்டிலேயே ஆய்வுகள் நடந்திருக்கின்றன. முடிவுகளும் நம்பிக்கை தருபவைதான். செம்பருத்தியைப் பற்றி 2003இல் வந்த ஆய்வு இன்னும் சுவாரஸ்யம்: பூவைவிட இலைச் சாறுதான் அதிகம் வேலை செய்தது. பூவைப் பறித்துச் சாமிக்கு வைத்துவிட்டு இலையைச் சட்டியில் போடும் அம்மாக்களுக்கு இது முன்பே தெரியும்போல.

ஆனால் இதெல்லாம் எலிகளிடம் செய்தவை. அதுவும் வழுக்கை விழுந்த எலிகள் இல்லை; ஆரோக்கியமான எலியின் முதுகு முடியை நீக்கிவிட்டு, எவ்வளவு சீக்கிரம் திரும்ப வளர்கிறது என்று பார்ப்பது. எலியின் முதுகும் 27 வயசு மனிதரின் முன்மண்டையும் ஒன்றில்லை. இந்தச் செடிகளை நிறையப் பேருக்குக் கொடுத்து, ஒப்பீட்டுக் குழு வைத்து, முடியை எண்ணிப் பார்த்த பெரிய சோதனைகள் வந்தால் நான் முதல் ஆளாக எழுதுவேன்.

பூசணி விதை எண்ணெய்க்கு அப்படி ஒரு மனிதச் சோதனை உண்டு. 2014இல் தென் கொரியாவில், 76 ஆண்கள், தினம் 400 மில்லிகிராம் மாத்திரை, 24 வாரம். பூசணி குழுவில் முடி எண்ணிக்கை சராசரியாக 40 சதவீதமும், வெற்று மாத்திரைக் குழுவில் 10 சதவீதமும் கூடியது. ஆனால் அந்த மாத்திரையில் பூசணியோடு வேறு பொருட்களும் இருந்தன. எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

தேங்காய் எண்ணெய் செய்யும் உண்மையான வேலை

முடி கொட்டுவதில் இரண்டு வகை இருக்கிறது. கொட்டிய முடியை எடுத்து நுனியைப் பாருங்கள். ஒரு பக்கம் வெள்ளையாகக் கடுகைவிடச் சின்னதாக ஒரு குமிழ் இருந்தால், வேரிலிருந்து வந்தது. குமிழ் இல்லாமல், நீளமும் குறைவாக இருந்தால் நடுவில் உடைந்தது. பல ஷாம்பு விளம்பரங்கள் குறைப்பதாகச் சொல்வது இந்த உடைசலைத்தான். "முடி உடைவதால் ஏற்படும் உதிர்வு" என்று அடியில் பொடி எழுத்தில் ஓடும், பார்த்திருப்பீர்கள்.

இந்த உடைசலில் தேங்காய் எண்ணெய் கில்லாடி. அதிலிருக்கும் லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சின்னது, நேரானது; முடித் தண்டுக்குள் இறங்கும். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் செய்யாததைத் தேங்காய் எண்ணெய் செய்தது: குளிக்கும்போதும் சீவும்போதும் முடியிலிருந்து புரதம் போவதைக் குறைத்தது. ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் ஒரு பெரிய நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே படிக்கணும். ஆக, இருக்கிற முடியைக் காப்பாற்ற எண்ணெய் உதவும். குளிப்பதற்கு முன்னால் தடவினால் போதும்.

விளக்கெண்ணெயில் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. ரொம்பப் பிசுபிசுப்பு. தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து தடவிக் குளித்த ஓர் இளம்பெண்ணின் நீளமான முடி, மொத்தமாகச் சுருண்டு பறவைக் கூடு மாதிரி இறுகி, பிரிக்கவே முடியாமல் வெட்ட வேண்டியதானதை 2017இல் இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அபூர்வம்தான். இருந்தாலும் நீள முடிக்காரர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பொடுகு இருப்பவர்களுக்கு எண்ணெய் எதிரியாகக்கூட ஆகலாம். பொடுகோடு தொடர்புடைய 'மலஸீசியா' பூஞ்சைக்குச் சாப்பாடே கொழுப்புதான். இரவு முழுக்க ஊற வைப்பது அதற்கு விருந்து வைப்பது மாதிரி.

சட்டம் என்ன சொல்கிறது?

இது எனக்கே புதுசு. 1945ஆம் வருஷத்து மருந்துகள் விதிகளில் 'ஷெட்யூல் ஜே' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. எந்தெந்த நோயைக் குணமாக்குவதாக ஒரு மருந்து சொல்லிக்கொள்ளக் கூடாது என்ற பட்டியல். அதில் வழுக்கை இருக்கிறது. முடி நிறத்தை மாற்றுவது, புது முடி முளைக்க வைப்பது, அதுவும் இருக்கிறது. அதனால்தான் லேபிளில் "உதவும்", "ஊட்டமளிக்கும்" என்று நழுவுகிற வார்த்தைகளாகவே இருக்கின்றன. லேபிளில் எழுத முடியாததை ரீல்ஸில் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

எப்போது டாக்டரிடம் போகணும்?

வட்ட வட்டமாகக் கொட்டினால், மண்டையில் செதில், சீழ், தழும்பு இருந்தால், புருவமும் சேர்ந்து கொட்டினால், குழந்தைக்குக் கொட்டினால், எண்ணெயை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு நேராகத் தோல் மருத்துவரிடம். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவது, முகத்தில் முடி வளர்வது ஆகியவற்றோடு சேர்ந்து கொட்டினால் நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம். திடீர் எடை மாற்றமும் அசதியும் சேர்ந்தால் தைராய்டைப் பார்க்கச் சொல்வார்கள். ஆறு மாசம் தாண்டியும் கொட்டிக்கொண்டே இருந்தாலும் போகணும்.

காரணம் எங்கிருந்து வரும் என்றே சொல்ல முடியாது. 2025 ஜனவரியில் மகாராஷ்டிராவின் புல்டானா மாவட்டக் கிராமங்களில் நிறையப் பேருக்குச் சில நாட்களிலேயே தலை வழுக்கையானது. தண்ணீர், ஷாம்பு என்று எதையெதையோ சந்தேகப்பட்டார்கள். தேள்கடி சிகிச்சைக்காக உலகம் அறிந்த மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் நடத்திய பரிசோதனைகள், சாப்பிட்ட கோதுமையில் இருந்த அளவுக்கு மீறிய செலினியத்தைக் கைகாட்டின. முடி வளர்வதற்காக விற்கும் பல சத்து மாத்திரைகளில் இதே செலினியம் சேர்க்கப்படுகிறது. குறைந்தாலும் பிரச்சினை, கூடினாலும் முடி கொட்டும். டாக்டர் சொல்லாமல் இரண்டு மூன்று மாத்திரைகளைச் சேர்த்து விழுங்காதீர்கள்.

அண்ணன் போன வருஷம் ஒருவழியாகத் தோல் மருத்துவரைப் பார்த்தார். முன்நெற்றியில் போனது போனதுதான், உச்சந்தலையில் இருப்பதைப் பிடித்து வைக்கலாம் என்று மினாக்ஸிடில் எழுதிக் கொடுத்தார்கள். இதுவும் ஆரம்பத்தில் ரத்த அழுத்த மாத்திரையாக இருந்ததுதான்; சாப்பிட்டவர்களுக்கு வேண்டாத இடத்திலெல்லாம் முடி வளர, தலையில் தடவும் மருந்தாக மாறி 1988இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முதல் சில வாரம் கொஞ்சம் கூடுதலாகக் கொட்டும், பயப்படக் கூடாது. நிறுத்தினால் கிடைத்த பலனும் போய்விடும். கர்ப்பிணிகள், பாலூட்டும் அம்மாக்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

தலையில் தேய்ப்பதைவிடத் தட்டில் போடுவது

முடி கொட்டும் பெண்களிடம் மருத்துவர்கள் முதலில் பார்க்கும் விஷயங்களில் ஒன்று இரும்புச்சத்து. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயசுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! உடம்பில் இரும்பு குறைந்தால், முடியெல்லாம் அதற்கு இரண்டாம்பட்சம். ஹீமோகுளோபினோடு 'ஃபெரிட்டின்' என்ற சோதனையையும் செய்யச் சொல்வார்கள். அதுதான் சேமிப்பில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று காட்டும்.

கீரை, பயறு, எள், கேழ்வரகு எல்லாவற்றிலும் இரும்பு உண்டு. ஆனால் செடியிலிருந்து வரும் இரும்பை உடல் சுலபத்தில் எடுத்துக்கொள்ளாது. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ இருந்தால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் அதையும் தடுத்துவிடும். நெல்லிக்காயை அரைத்துத் தலையில் பூசுவதைவிடக் கீரைக் கூட்டோடு தொட்டுக்கொள்வது லாபம்.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்ததே அம்மாவால்தான். போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அவருக்கு நான் எண்ணெய் தேய்த்துவிட்டேன். வகிடு விரல் அகலம். உச்சந்தலை வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது. "வயசாச்சுல்லா" என்றார். படி ஏறினால் மூச்சு வாங்குவதும் வயசுதானாம். ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். ஹீமோகுளோபின் 8.6. பெண்களுக்கு 12 இருக்கணும். ஒன்றரை வருஷமாக மாதவிடாயில் அதிகமாக ரத்தம் போவதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி. ஊரில் பாதிப் பேருக்கு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தவர், தன் தலையில் கொட்டியதற்கும் அதே எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

கட்டிக்குச் சிகிச்சை நடக்கிறது. இரும்பு மாத்திரையைக் காலையில் எலுமிச்சைச் சாறோடு போடுகிறார், டீயை ஒரு மணி நேரம் தள்ளி வைத்திருக்கிறார். போன வாரச் சோதனையில் ஹீமோகுளோபின் 12ஐத் தொட்டுவிட்டது. "அதான் ஏறிட்டுல்லா, மாத்திரைய நிறுத்திரலாமா?" என்று போனில் கேட்டார். சேமிப்பும் நிரம்பணும், இன்னும் மூன்று மாசம் போடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எண்ணெய் அடுத்த வாரம் பஸ்ஸில் வருகிறது.